ஒரு மூடிப் பெற்றோல்

மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது. எங்கள் வடமராட்சிக் கரையில் இது தெரியாத சின்னப் பெடியனும் இல்லை. ஆனால் இந்தச் சின்ன விஷயம் 1990களில் எத்தனை பேரை நடுக்கடலில் வைத்துப் பதறவைத்தது என்பது வெளியூர் ஆட்களுக்கு விளங்காது. கடற்றொழிலாளர் சங்கமொன்றின் எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் இருபத்திரண்டு வருடம் கையில் கரி பூசிக்கொண்டு இருந்தவன் நான். அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. வள்ளத்தின் பின்னணியத்தில் கொழுவுகிற மோட்டரை 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்து பெயர் பெற்றவர் ஓலே எவின்ருட். நோர்வேயில் பிறந்தவர். அந்த மோட்டர் ஒன்றரைக் குதிரைவலு, நிறை 62 இறாத்தல். இழுக்கிற கயிறு அதற்கு இல்லை. மேலே உள்ள சில்லில் ஒரு மரக்குமிழ் இருக்கும், அதைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். எஞ்சின் பற்றியதும் குமிழும் சேர்ந்து சுழலும். கையை உடனே எடுக்காதவனின் விரல்கள் பாவம்.

எங்கள் நாட்டில் 1950களின் பிற்பகுதியில் மீன்பிடித் திணைக்களம் மூன்றரைத் தொன் வள்ளங்களைத் தவணைக் கடனுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அவை உள்ளே டீசல் எஞ்சின் பூட்டியவை. பைபர் வள்ளங்கள் வந்த பிறகு வெளியே கொழுவுகிற யப்பான் மோட்டர்கள் பெருகின. பெற்றோல் விலை கட்டாது என்பதால் மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டரைத்தான் எங்கள் சனம் விரும்பி வாங்கியது.

பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 40 பாகைச் சூடு வந்தால்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். விடியப்புறம் மூன்று மணிக்கு, பனியில் நனைந்து கிடக்கிற எஞ்சினுக்குள் அந்தச் சூடு எங்கே இருக்கும்? ஆகவே முதலில் பெற்றோலில் ஸ்ராட் பண்ண வேண்டும். சூடேறிய பிறகு குழாய்த் திருகியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். கரைக்கு வரமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றருக்குள் பெற்றோல் நிற்கும்படி அணைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாதவன்தான் அடுத்தநாள் விடிய மோட்டரைத் தோளில் சுமந்துகொண்டு என் கொட்டில் வாசலில் நிற்பான்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. பெற்றோலுக்குத் தடை வந்தது. மோட்டார் சைக்கிள் முதல் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் வரை எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் துளித் துளியாகப் பெற்றோல். கரையில் இது பகிடியாகவும் இருந்தது. மருந்துப் போத்தலில் பெற்றோலோடு திரிகிறவனைப் பணக்காரன் என்பார்கள்.

தண்ணீரில் அது பகிடியாக இருக்கவில்லை. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்ட பின், குடாநாட்டுச் சனம் வெளியே போக மிஞ்சியது கிளாலிக் கடனீரேரி. இரவில்தான் பயணம். மோட்டர் பூட்டிய ஒரு வள்ளம் முன்னுக்குப் போகும். அதன் பின்னால் கயிற்றில் கட்டிய வள்ளங்கள் இழுபடும். முன்வள்ளத்து மோட்டர் நின்றால் எல்லாருடைய கதியும் அதுதான். 1993 தை 2ஆம் திகதி கடற்படையின் தாக்குதலில் அந்தத் தண்ணீரில் பொதுமக்கள் செத்த பிறகு, மோட்டர் நின்றுவிட்டால் வள்ளத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

அந்த வருடம் ஆவணியில் என் மாமியைக் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் இருந்தது மூன்றாவது வள்ளம். பாதித் தூரத்தில் மோட்டர் நின்றது. ஓட்டி இளம் பெடியன். கயிற்றை இழு இழு என்று இழுத்தான். இழுக்க இழுக்க உள்ளே மண்ணெண்ணெய்தான் நிறையும். முன்வள்ளத்தில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இழுக்கிறதை நிப்பாட்டு. பிளக்கைக் கழட்டி மணந்து பார்."

ரோச் அடிக்க முடியாத இடத்தில் மூக்கும் விரலும்தான் விளக்கு. பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை என்று அர்த்தம். தாங்கி மூடியில் காற்று விடுகிற திருகாணி இறுகியிருக்கும், அல்லது குழாயில் தண்ணீர் நிற்கும். நனைந்திருந்தால் எண்ணெய் கூடிவிட்டது. பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக்கை எஞ்சின் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். அந்த நீலப் பொறியும் வெளியே தெரியக்கூடாது என்று இரண்டு பேர் சாரத்தை விரித்துப் பிடித்தார்கள். பொறி இருந்தது. பிளக் நனைந்திருந்தது. பிளக்கைப் பூட்டாமலே ஏழெட்டுத் தரம் இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றினார்கள். இனிப் பெற்றோல் வேண்டும். பெடியனின் போத்தல் வெறுமையாக இருந்தது.

அந்தத் தொழிலாளி இடுப்பு மடியிலிருந்து கண்ணுக்கு மருந்து விடுகிற குப்பி ஒன்றை எடுத்தார். பிளக் ஓட்டைக்குள் ஒரு மூடி அளவு விட்டு, பிளக்கைத் துடைத்துப் பூட்டச் சொன்னார். மூன்றாவது இழுவையில் பற்றியது. மாமி அதுவரை பிடித்திருந்த என் கையை விட்டபோதுதான் நகம் பதிந்த நோவு தெரிந்தது. அந்த மனிதரின் பெயரைக் கேட்கக்கூட நேரம் வரவில்லை. கரையில் இறங்கியதும் எல்லாரும் ட்ரக்டருக்கு ஓடினோம்.

1995 ஐப்பசி இடப்பெயர்வின்போதும் அதே தண்ணீரைத்தான் ஆயிரக்கணக்கான சனம் கடந்தது, மழையில். நனைந்த பிளக்கில் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று என் தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. அதற்கு முன் பல கிழமை விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து, "ஐயா, மிச்சம் பிடிக்க அரைவாசிக்கு அரைவாசி பெற்றோல் கலந்து ஓட்டலாமோ?" என்று கேட்டான். இருவரும் முற்றத்தில் இருந்து, எண்ணெய்க் கணக்கைப் பொழுதுபடும் வரை போட்டுப் பார்த்தோம். கடைசியில் அவன் அந்தக் கிழமை சவள் வலித்துக் களக்கடலில்தான் தொழில் செய்தான்.