பனியன் ஊரும் பனிக்கட்டியும்

திருப்பூரைச் சேர்ந்தவர்கள் பனிக்கட்டியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். சித்திரை வெயிலோடு சாயப்பட்டறைப் பாய்லர்களின் அனலும் சேர்ந்து வாட்டும் ஊர் இது. பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம்தான். அதற்குமேல் உறவில்லை என்றே எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் நிலத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், கோடையிலும் நம் தலைக்கு மேல் ஐந்து கிலோமீட்டர் அளவில் நீரின் உறைநிலை தொடங்கிவிடுகிறது. பல்லடத்திலிருந்து சூலூருக்குப் போகும் தூரத்தைவிட அது மிகக் குறைவு.

சூலூரைச் சொல்லக் காரணம் உண்டு. விசைத்தறிகள் ஓயாமல் ஒலிக்கும் அந்த வட்டாரத்தில்தான் இந்திய விமானப்படையின் தளம் இருக்கிறது. 2018இல் தேஜஸ் போர்விமானங்களின் முதல் அணி அங்கே வந்தது. 2020இல் இரண்டாவது அணி அங்கேயே உருவானது. வெயிலில் காய்ந்த ஓடுபாதையை விட்டு எழும் விமானம் சில நிமிடங்களில் உறைநிலையைக் கடந்துவிடுகிறது.

உறைநிலைக்குக் கீழே போனவுடன் மேகத்திலுள்ள நீரெல்லாம் உறைந்துவிடுவதில்லை. பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழேயும் துளிகள் நீராகவே மிதப்பதுண்டு. பற்றிக்கொள்ள ஒரு பொருள் கிடைத்த கணத்தில் அவை உறைகின்றன. விமானத்தின் இறக்கை முனைதான் அந்தப் பொருள். படியும் பனியின் எடையைவிட அது இறக்கையின் வடிவத்தைக் கெடுப்பதே பெரிய ஆபத்து. தூக்குவிசை குறைகிறது, காற்றின் தடை கூடுகிறது. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயின் வாய் அடைபட்டால் கருவி பொய் சொல்லத் தொடங்குகிறது. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸின் 447ஆம் விமானம் அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் மாண்ட நிகழ்வு, அக்குழாய்களில் பனிப்பளிங்குகள் அடைத்ததில்தான் தொடங்கியது. அது நடந்ததும் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பமண்டல வானில் என்பது நாம் கவனிக்க வேண்டியது.

இன்று வீட்டுக் கணினியில் இளைஞர்கள் ஓட்டும் போர்விமானப் பாவனை விளையாட்டுகளுக்கும் இந்தப் பனிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அமெரிக்காவில் இசையுறுப்பான ஆர்கன் செய்யும் குடும்பத்தில் பிறந்த எட் லிங்க், ஆர்கனுக்குரிய துருத்திகளைக் கொண்டே, தரையை விட்டு எழாமல் சாய்ந்து திரும்பும் சிறு விமானக் கூடொன்றை 1929 வாக்கில் செய்தார். முதலில் அதைப் பொருட்காட்சித் திடல்களின் விளையாட்டுப் பொருளாகவே கண்டார்கள். 1934இல் அந்நாட்டு அரசு, அஞ்சல் சுமக்கும் பணியைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து பறித்து ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. கடும் குளிர்காலம், மூடுபனி, பனிப்புயல், இறக்கையில் உறையும் பனி. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி போதாமல், சில மாதங்களுக்குள் பன்னிரண்டுக்குக் குறையாத உயிர்கள் போயின. அதன்பிறகே ராணுவம் விழித்துக்கொண்டு, லிங்க்கின் கூடுகள் ஆறினை விலைக்கு வாங்கியது. விளையாட்டுப் பொருளைப் பயிற்சிக் கருவியாக மாற்றியது அந்தக் குளிர்காலத்தின் சாவுகள்தாம்.

பனியை வெல்லும் வழியும் அதே காலத்தில் தேடப்பட்டது. இறக்கை முனையில் ரப்பர் உறை மாட்டி, காற்றூதிப் புடைக்கவைத்துப் பனியை உடைத்தெறிவது ஒரு முறை. லூயிஸ் ரோடெர்ட் என்னும் பொறியாளர் வெப்பத்தையே ஆயுதமாக்கினார். எஞ்சினின் வெப்பத்தை இறக்கைக்குள் செலுத்தினார். 1946ஆம் ஆண்டுக்கான காலியர் விருது அவருக்குக் கிடைத்தது. பாய்லரின் வெப்பத்தைக் குழாய்வழியே கொண்டுசென்று துணியை உலர்த்தும் ஊரார்க்கு இந்த யோசனை புரியாமற்போகாது. அவர் ஆய்ந்த காலத்திலேயே, அசாமிலிருந்து இமயத்தின் கிழக்கு மலைகளைத் தாண்டிச் சீனத்தின் குன்மிங்குக்குச் சரக்கு சுமந்த நூற்றுக்கணக்கான விமானங்கள், புயலாலும் பனியாலும் மலையாலும் அழிந்துகொண்டிருந்தன.

கருவி வந்துவிட்டால் போதுமா? 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது ஏர் ஃப்ளோரிடாவின் விமானமொன்று புறப்பட்டது. சரிபார்ப்புப் பட்டியலில் எஞ்சின் பனித்தடுப்பு என்று ஒருவர் கேட்க, அணைத்திருக்கிறது என்று மற்றவர் விடை சொன்னார். உறைந்த குழாயால் எஞ்சினின் விசை உள்ளதைவிட அதிகமாகக் காட்டப்பட்டது. விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தின் மேலிருந்த நால்வர் உட்பட 78 பேர் இறந்தனர். அவ்விமானிகளுக்குக் குளிர்கால அனுபவம் குறைவு என்பதை விசாரணை சுட்டியது. வெயில்தேசத்து நிறுவனம் அது. தினமும் அணைத்தே வைத்திருந்த விசையை ஒருநாள் போட வேண்டும் என்பது கைக்கு நினைவில்லை. இதனை நம்மைப் போன்ற வெயில் மனிதர்களின் கதையாகவும் வாசிக்கலாம்.

பாவனை விளையாட்டுகளின் பயன் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறோம். டிஜிட்டல் காம்பேட் சிமுலேட்டரில் எம்.ஐ-8 ஹெலிகாப்டரை ஓட்டுபவர், எஞ்சினுக்கும் சுழலிக்கும் தனித்தனியே உள்ள பனித்தடுப்பு விசைகளைப் பழக வேண்டும். எஞ்சினின் காற்றுப்புகுவாயைச் சூடாக்குவது அதன் சொந்த வெப்பக்காற்று; அதை எடுத்தால் விசை குறையும். சுழலித் தகடுகளைச் சூடாக்குவது மின்சாரம். மலையேறும் நேரத்தில் எதைக் கொடுத்து எதைக் காப்பது என்பதை விமானிதான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் குடும்பத்து எம்.ஐ-17 ஹெலிகாப்டர்களே சூலூர் வானில் பறப்பவை. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் சூலூரிலிருந்து எழுந்து குன்னூர் அருகே வீழ்ந்ததும் அவ்வகையே. திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்ததால் விமானியின் திசையுணர்வு குலைந்தது என்றது விசாரணை. பனியன்று, மேகம். லிங்க்கின் கூடு பிறந்தது எந்தக் குருட்டுத்தன்மைக்கு மருந்தாகவோ, அதே குருட்டுத்தன்மை.

அதற்கும் முன்பு, 2016 ஜூலை 22 அன்று, சூலூரைச் சேர்ந்த 33ஆம் அணியின் ஏ.என்-32 விமானம் தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. கார்மேகத்தைத் தவிர்க்கத் திசை திருப்புவதாகச் சொன்னபின் வங்கக்கடலின் மேல் காணாமற்போனது. ஏழாண்டுகளுக்குப் பின், 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தென்பட்டன. அதற்குப் பனி காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை; நாமும் சொல்லவில்லை. அவ்வளவு உயரத்தில் அந்த ஜூலை மாதத்து மேகமும் உறைநிலைக்குக் கீழேதான் இருந்தது என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கிறோம்.

கணினியில் விழுந்தவர் மறுபடி தொடங்கலாம். அந்த 29 பேரின் வீடுகளில் ஏழரை ஆண்டுகள் காத்திருந்தார்கள். பல்லடம் சாலையில் தறிச்சத்தத்தை மீறி ஒரு விமானம் மேலேறும்போது, இனி நாம் அண்ணாந்து பார்க்கும் வானம் பழைய வெயில் வானமாக மட்டும் இருக்கப்போவதில்லை.