கடலின் நீலமும் தாத்தாவின் உள்ளங்காலும்

செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த தாத்தாவுக்கு இடது உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம். "பூட்ஸ் கடிச்ச காய்ப்புடா" என்பார். அது விரிய ஆரம்பித்ததும் கட்டாயப்படுத்தித் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் டெர்மாஸ்கோப்பைக் காலில் வைத்துப் பொத்தானை அழுத்தியதும் தோலின் மினுமினுப்பு மறைந்து, அடியில் இருந்த கோடுகள் தெரிந்தன. படித்தது இன்ஜினியரிங். எனக்கு மச்சத்தைவிட அந்தப் பொத்தான்மேல்தான் கண் போனது.

உள்ளே இருப்பது போலரைசர் வடிகட்டி. மேற்தோலில் பட்டு அப்படியே திரும்பும் ஒளியை அது வெட்டிவிடும். ஆழத்துக்குப் போய்ச் சிதறி வரும் ஒளி மட்டும் கண்ணுக்கு வரும்.

இதே வேலையை 1921இல் கப்பல் தளத்தில் நின்று ஒருவர் செய்தார். இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று பெரிய விஞ்ஞானியான ரேலே சொல்லியிருந்தார். ராமன் சட்டைப்பையில் இருந்த நிக்கல் பட்டகத்தால் மத்தியதரைக் கடலைப் பார்த்தார். அலைமேல் பட்டுத் திரும்பும் வானத்தின் ஒளி அணைந்தது. நீலம் போகவில்லை, இன்னும் அடர்ந்தது. அப்படியென்றால் நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதிவிட்டார்.

சிதறல்மேல் பிடித்த அந்தப் பித்து 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனோடு ராமன் விளைவில் போய் நின்றது. 1930இல் நோபல். நம் பள்ளிக்கூடக் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறுக்கு ஏற்ப நிறம் மாறி வருகிறது. புற்றணுவின் புரதமும் கொழுப்பும் மாறினால் அந்த ஒளியும் மாறும். வான்கூவர் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 453 பேரின் தோலை, கத்தி வைக்காமல் இப்படி அளந்திருந்தார்கள்.

சிக்கல் நம் நிறத்தில் இருக்கிறது. மெலனின் ஒளியை விழுங்கும், தானும் ஒளிரும். மெலிந்த ராமன் ஒளி அதில் மூழ்கிப்போகும். திருச்சிக்காரர் கண்டுபிடித்த ஒளிக்குத் திருச்சிக்காரரின் தோலே இடைஞ்சல்! தோல் நிறத்தை வகைப்படுத்த ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த அளவுகோலில் முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இடம். மாநிறமும் கறுப்பும் பிறகு சேர்ந்தவை.

கறுத்த தோலில் மெலனோமா அபூர்வம்தான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. வெயில் காரணமில்லை என்பதால் யாரும் அங்கே தேடுவதில்லை. பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. பந்தாட்டக் காயம் என்று முதலில் நினைத்தார்கள். 1981இல் இறந்தபோது வயது 36.

உள்ளங்காலை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள், முக்கியமாக தொஷியாகி சைதா. கால்ரேகையில் பள்ளமும் மேடும் மாறி மாறி வரும். சாதாரண மச்சத்தில் கறுப்பு பள்ளத்தோடு ஓடும். மெலனோமாவில் மேட்டில் ஏறும். டாக்டர் பொத்தானை அழுத்தித் தேடியது இதைத்தான்.

தாத்தாவுக்குப் பள்ளத்தில்தான் இருந்தது. "ஆனா சைஸ் பெருசு, கறுத்த கால்ல இது சில நேரம் ஏமாத்தும்" என்று ஒரு துண்டு வெட்டி பயாப்சிக்கு அனுப்பினார். முடிவு வர பத்து நாள்.

"காய்ப்புன்னுதானே சொன்னேன்," என்றார் தாத்தா காரில். அதன்பிறகு வீடு வரும்வரை பேசவில்லை.