முந்திப் பதிவோர்க்குச் சலுகை: கொங்கு நாட்டு ரயில் பயணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பாரிசிலிருந்து லியோனுக்கோ பெர்லினிலிருந்து மியூனிக்குக்கோ செல்பவர் பல வாரங்களுக்கு முன்பே ரயில் டிக்கெட் வாங்கினால் குறைந்த கட்டணமும், புறப்படும் நாளன்று வாங்கினால் அதைவிடப் பன்மடங்கும் செலுத்தும் முறை ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் சேரன், நீலகிரி விரைவு வண்டிகளிலோ, பொது ஒதுக்கீட்டில் பதிவு தொடங்கும் முதல் நாளும் கடைசி வாரமும் கட்டணம் ஒன்றே. முந்திப் பதிவது அங்கே பணத்தை மிச்சப்படுத்தும் வழியாகவும், இங்கே இடத்தை உறுதிப்படுத்தும் வழியாகவும் வளர்ந்ததன் காரணத்தை இருப்புப்பாதையின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

மதராஸ் ரயில்வே கம்பெனி மேற்குக் கடற்கரையை நோக்கி அமைத்த பாதை 1862இல் போத்தனூர், மதுக்கரை, வாளையார் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தது. கோயம்புத்தூர் நகரத்துக்கோ 1873இல் மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போடப்பட்ட பிறகே ரயில் கிடைத்தது. அக்காலக் கட்டணம் தூரத்தையும் வகுப்பையும் மட்டுமே பொறுத்தது. ஆங்கிலேயரான தாமஸ் எட்மண்ட்சன் உருவாக்கிய கெட்டி அட்டை டிக்கெட்டில் புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, விலை ஆகியவை முன்னதாகவே அச்சிடப்பட்டிருந்ததால், வாங்கும் நாளுக்கேற்ப விலையை மாற்றுவதற்கு அதில் இடமே இல்லை. அரசு பின்னாளில் வழங்கிய சலுகைகளும் முதியோர், நோயாளிகள், மாணவர்கள் என ஆளைப் பார்த்துத் தரப்பட்டனவே தவிர, நாளைப் பார்த்துத் தரப்படவில்லை.

பதிவேடுகளில் கையால் எழுதிய முன்பதிவு, 1985இன் இறுதியில் புதுதில்லியில் கணினிக்கு மாறத் தொடங்கியது. எந்த ஊர்க் கவுன்டரிலிருந்தும் எந்த வண்டிக்கும் பதிவதற்கு வழிசெய்யும் ‘கான்சர்ட்’ என்ற மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் அறிமுகமாகி, தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களும் 1999இல் ஒரே வலையமைப்பாக இணைந்தன. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி விற்பனையைத் தொடங்கியது.

கணினி வந்ததும் ஐரோப்பாவும் இந்தியாவும் வெவ்வேறு வழியில் சென்றன. காலி இருக்கையோடு பறக்கும் விமானத்தால் வரும் நட்டத்தைத் தவிர்க்க, முந்தி வாங்குவோரிடம் குறைவாகவும் பிந்தி வாங்குவோரிடம் அதிகமாகவும் வசூலிக்கும் உத்தியை அமெரிக்க விமான நிறுவனங்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து செப்பனிட்டன. அமெரிக்கன் ஏர்லைன்சின் ‘சேபர்’ பதிவு முறையை அடிப்படையாகக் கொண்ட ‘சாக்ரட்’ அமைப்பை 1993இல் பிரெஞ்சு ரயில்வே ஏற்றபோது அந்த உத்தி தண்டவாளத்துக்கும் வந்தது. மக்கள் அதை எளிதில் ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது. ஜெர்மன் ரயில்வே 2002 டிசம்பரில் பாதிக்கட்டண அட்டையை நீக்கி, முந்திப் பதிவோருக்கே சலுகை என்ற முறையைப் புகுத்தியபோது எழுந்த எதிர்ப்பால், அந்த அட்டையை அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் கொண்டுவர நேர்ந்தது.

இந்தியாவில் நிரப்ப வேண்டிய காலி இருக்கையைவிட, இருக்கை கிடைக்காத பயணியே நிலையான சிக்கல். ஆகவே இங்கே முந்தியவருக்குத் தள்ளுபடி தராமல், பிந்தியவரிடம் கூடுதலாக வாங்கும் முறை பிறந்தது. 1997இல் வந்த தட்கல் ஒதுக்கீட்டில், இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடும் மற்ற வகுப்புகளுக்கு 30 விழுக்காடும், குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்புகளுக்கு உட்பட்டு, கூடுதலாக வசூலிக்கப்படுகின்றன. 2016 செப்டம்பரில் ராஜதானி, துரந்தோ, சதாப்தி வண்டிகளில் ஒவ்வொரு 10 விழுக்காடு இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 விழுக்காடு ஏறும் நெகிழ்கட்டணம் வந்தது. கோவை–சென்னை சதாப்தியும் இதில் அடங்கியது. ஐரோப்பிய முறைக்கு மிக அருகில் வந்த இத்திட்டத்திலும், முதலில் பதிவோர் செலுத்தியது வழக்கமான கட்டணமே. தள்ளுபடியாக எதுவும் கிடைக்கவில்லை.

முன்பதிவுக் காலமும் நிலையாக இருந்ததில்லை. 2013இல் 120 நாளிலிருந்து 60 ஆகக் குறைந்து, 2015இல் மீண்டும் 120 ஆகி, 2024 நவம்பர் முதல் திரும்பவும் 60 ஆனது. நாள்கள் எத்தனையானாலும், தீபாவளி, பொங்கலுக்குப் பதிவு திறக்கும் காலை 8 மணிக்கே இடங்கள் தீர்ந்து காத்திருப்புப் பட்டியல் நீள்வது மாறவில்லை.

உண்மையான முன்பதிவுத் தள்ளுபடி 2025இல்தான் சோதனைக்கு வந்தது. அக்டோபர் 13 முதல் 26 வரை சென்று, நவம்பர் 17 முதல் டிசம்பர் 1 வரை திரும்புவோர் இரு பயணத்தையும் சேர்த்துப் பதிந்தால், திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதே பயணிகள், அதே வகுப்பு, அதே இரு ஊர்கள் என்பவை நிபந்தனைகள். ரத்து செய்தால் பணம் திரும்பாது. நெரிசலைப் பரப்பும் நோக்கம் நல்லதே. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை வார்ப்படப் பட்டறைகளிலும் உழைத்து, தன்பாத்–ஆலப்புழை விரைவு வண்டியில் ஊர் திரும்பும் வடமாநிலத் தொழிலாளருக்கு, விடுப்பும் போனசும் பண்டிகை நெருங்கும்போதே உறுதியாகின்றன. தேதியை முன்கூட்டியே தீர்மானிக்க முடிந்தவருக்கே பயன்படும் சலுகை, அவரைவிட வசதி குறைந்தவரைத் தொடாமல் போகிறது.

முதியோருக்கு ஆண்களாயின் 40, பெண்களாயின் 50 விழுக்காடு என்றிருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நாளைப் பார்த்துத் தரும் தள்ளுபடியை விரிவாக்கும் முன், ஆளைப் பார்த்துத் தந்த அந்தச் சலுகையை ரயில்வே மீட்டளிக்க வேண்டும்.