பட்டத்துக்கு முந்திய ஆராய்ச்சி

உயர்ந்த பட்டங்களை வழங்கும் அதிகாரம் பெற்ற ஒரு சர்வகலாசாலை முதலில் தோன்ற வேண்டும், அதில் ஆசிரியர்கள் அமர வேண்டும், அவர்களை நாடி மாணவர்கள் வர வேண்டும், அதற்கு அப்பால்தான் ஆராய்ச்சி என்பது முளைவிட்டுக் கிளைக்கும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். புள்ளியியல் என்ற சாஸ்திரம் நம் தேசத்தில் வேரூன்றிய விதமோ இதற்கு நேர்மாறானது. ஆராய்ச்சி முதலில் வந்தது. அதைச் செய்வதற்கு ஆட்கள் பிறகு வந்தார்கள். அவர்களைப் பழக்குவதற்கென்று ஒரு வகுப்பு மேலும் சில ஆண்டுகள் கழித்து ஏற்பட்டது. அவர்களுடைய உழைப்பை மதித்துப் பட்டம் அளிக்கும் உரிமையோ, அந்த ஆராய்ச்சிக்கென்று எழுந்த ஸ்தாபனம் பிறந்து 28 ஆண்டுகள் சென்ற பின்னரே கைக்கு வந்தது.

வித்து விழுந்தது 1915-ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் நகரத்தில். கிங்ஸ் கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற வங்காள இளைஞர், யுத்தத்தின் காரணமாகக் கப்பல் பிரயாணம் தாமதப்பட்டதால் கல்லூரி நூலகத்தில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தபோது, மெக்காலே என்ற ஆசிரியர் ‘பயோமெட்ரிகா’ என்னும் சஞ்சிகையின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். லண்டனில் கார்ல் பியர்சன் நடத்தி வந்த அந்தச் சஞ்சிகை, உயிர்களின் அளவுகளைக் கணிதத்தின் உதவியால் ஆராய்வதையே விரதமாகக் கொண்டது. மகலனோபிஸ் அதன் தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவில் இறங்கி மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்த பிறகும் அந்த மோகம் தணியவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவரான ஆனண்டேல், கல்கத்தாவிலிருந்த ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளைச் சேகரித்து வைத்துக்கொண்டு, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் இவரிடம் ஒப்படைத்தார். அதிலிருந்து பிறந்தது 1922-இல் வெளிவந்த முதல் கட்டுரை. அதே ஆண்டில் வடவங்காளத்தைப் பெருவெள்ளம் சூறையாடிற்று. பெரும் பொருட்செலவில் நீர்த்தேக்கங்கள் கட்டவேண்டும் என்று பொறியாளர்கள் யோசனை கூற, மகலனோபிஸ் பல்லாண்டு கால மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஒத்துப் பார்த்து, தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிவதற்கு வழி செய்வதே வேண்டும் என்று காட்டினார்.

இவையெல்லாம் ஒரு பௌதிக வாத்தியாரின் ஓய்வு நேர வேலைகள் என்பதை மறக்கலாகாது. அந்நாளில் இந்தச் சாஸ்திரத்தை முறையாகக் கற்க விரும்பிய இந்தியனுக்கு லண்டன் யூனிவர்சிடி காலேஜே புகலிடம். உலகத்திலேயே முதன்முதலாக ஒரு சர்வகலாசாலையில் புள்ளியியலுக்கென்று தனித் துறை அமைந்தது அங்கேதான், 1911-ஆம் ஆண்டில். ‘டாக்டர்’ என்ற ஆராய்ச்சிப் பட்டமே இங்கிலாந்துக்குப் புதிய சரக்கு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று வேரூன்றிய அந்தச் சம்பிரதாயத்தை ஆங்கிலேய சர்வகலாசாலைகள் 1917-ஆம் ஆண்டு முதற்கொண்டுதான் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. பி. வி. சுகாத்மே போன்ற சிலர் கடல் கடந்து சென்று, 1930-களில் லண்டனிலே அந்தப் பட்டத்தைப் பெற்று வந்தார்கள். பிரயாணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு மாநிலக் கல்லூரியின் பௌதிகத் துறையில் ஓர் அறை இருந்தது.

அந்த அறைக்குத்தான் 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்ற பெரிய பெயர் சூட்டப்பட்டது. பெயருக்கும் பொருளுக்கும் இருந்த தூரத்தை அறிய வேண்டுமானால், முதல் ஆண்டின் மொத்தச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு என்பதைச் சொன்னால் போதும். ஆயினும் மகலனோபிஸிடம் ஆள் தேடும் கண் ஒன்று இருந்தது. 1932-இன் இறுதியில், ஆசுதோஷ் கல்லூரியில் குறைந்த ஊதியத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு வடிவ கணிதத்தில் ஆழ்ந்திருந்த ராஜ் சந்திர போஸ் என்பவரின் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய மகலனோபிஸ், தம்முடைய ஆய்வுக்கூடத்தில் பகுதி நேரம் வந்து வேலை செய்ய இயலுமா என்று கேட்டார். அதுவரை புள்ளியியலில் ஒரு வகுப்பும் கேட்டிராத போஸுக்கு, படிக்க வேண்டிய கட்டுரைகளின் ஜாபிதா ஒன்றும், ரொனால்ட் ஃபிஷர் எழுதிய நூல் ஒன்றும் கொடுக்கப்பட்டன. பாடத்திட்டம் அவ்வளவே! சமரேந்திரநாத் ராய் என்ற மற்றோர் இளைஞரும் சேர்ந்துகொண்டார். மகலனோபிஸ் இரண்டு மனிதக் கூட்டங்களுக்கு இடையேயுள்ள வேற்றுமையை ஒரே எண்ணால் அளக்கக் கண்டுபிடித்த ‘பொதுமைப்படுத்திய தூரம்’ என்ற அளவையின் கணித நடத்தையை இவ்விருவரும் சேர்ந்து நிர்ணயித்தார்கள். 1933-இல் தொடங்கிய ‘சங்க்யா’ என்ற சஞ்சிகை இவர்களுடைய கட்டுரைகளை உலகத்துக்கு எடுத்துச் சென்றது.

இந்தப் போஸின் பட்டக் கதை ரசமானது. கல்கத்தா சர்வகலாசாலையின் புள்ளியியல் துறைக்கு 1945-இல் தலைவரானவர் அவரே. அப்போது அவரிடம் டாக்டர் பட்டம் இல்லை. பிள்ளை குட்டிகள் பிறந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்த்தது போல, ஏற்கெனவே அச்சாகி உலகப் பிரசித்தி பெற்றிருந்த கட்டுரைகளையே தொகுத்துச் சமர்ப்பித்து, 1947-இல் அவர் டி.லிட். பட்டம் பெற்றுக்கொண்டார். வயல்களில் பயிர்ப் பரிசோதனைக்கான பாத்திகளை எந்த முறையில் வகுத்தால் விளைச்சலின் வேற்றுமை தெளிவாகத் தெரியும் என்ற கேள்விக்குத் தம்முடைய வடிவ கணிதத்தைப் பிரயோகித்த அவர், 1949-இல் அமெரிக்காவின் வட கரோலினா சர்வகலாசாலைக்குச் சென்று குடியேறினார். பத்து ஆண்டுகளுக்குப் பின், தம்மிடமே அங்கு ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ஸ்ரீகண்டேயுடனும், பார்க்கர் என்ற அமெரிக்கருடனும் சேர்ந்து, கணித மேதை ஆய்லர் 177 ஆண்டுகளுக்கு முன் கூறிச் சென்ற ஊகம் ஒன்று தவறு என்று நிரூபித்தபோது, அந்தச் செய்தி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது.

கல்கத்தா சர்வகலாசாலையில் புள்ளியியலுக்கு எம்.ஏ. வகுப்பு 1941-இல் தொடங்கிற்று. அதன் முதல் அணியில் அமர்ந்தவர்களில் ஒருவர் கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ். அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் பெல்லாரி ஜில்லாவிலுள்ள ஹூவின ஹடகலியில் 1920-இல் பிறந்து, வால்டேரில் கணிதம் படித்து முடித்த ராவ், ராணுவ அளவைப் பிரிவு ஒன்றில் கணித வேலைக்கு நேர்முகத் தேர்வென்று கல்கத்தாவுக்குப் போனார். வயது போதாது என்று அனுப்பிவிட்டார்கள். விடுதியில் சந்தித்த ஒருவர், தாம் மகலனோபிஸின் ஸ்தாபனத்தில் பயிற்சி பெற வந்திருப்பதாகச் சொல்ல, அது என்ன இடம் என்று பார்க்கப் போன ராவ், 1941-ஆம் ஆண்டின் முதல் நாளன்று அங்கே சேர்ந்தார். சேர்ந்தவர் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய அங்கேயே இருந்துவிட்டார். வயது போதாதென்று தள்ளிய அந்த அதிகாரிக்கு இந்தச் சாஸ்திரம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

எம்.ஏ. தேர்வில் முதலிடம் பெற்ற ராவ், மறு ஆண்டே அதே வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாதிரிகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது ஒரு மதிப்பீட்டின் துல்லியத்துக்கு எல்லை ஒன்று உண்டு என்ற ஃபிஷரின் முடிவை ஒரு நாள் அவர் விளக்கியபோது, தண்டேகர் என்ற மாணவர் எழுந்து, சிறிய மாதிரிகளுக்கும் அப்படியோர் எல்லை உண்டா என்று கேட்டார். பிற்காலத்தில் இந்திய வறுமையைப் பற்றிய ஆய்வால் பெயர் பெற்ற பொருளாதார அறிஞர் வி. எம். தண்டேகர்தான் அவர். ஆசிரியரிடம் விடை இல்லை. வீட்டுக்குப் போய் இரவிலே யோசித்து, விடையைக் கண்டு, மறுநாள் வகுப்பில் சொன்னார். 1945-இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் ஏட்டில் வெளியான அந்தக் கட்டுரையின் விளைவாகவே ‘கிராமர்-ராவ் எல்லை’ என்ற பெயர் இன்று உலகெங்கும் புள்ளியியல் மாணவன் முதலில் மனனம் செய்யும் பெயர்களில் ஒன்றாகியிருக்கிறது. அதை எழுதியபோது ராவுக்கு வயது 24. பெயருக்குப் பின்னால் டாக்டர் பட்டம் கிடையாது.

பட்டமும் ஒரு பக்கவாட்டு வழியாகத்தான் வந்தது. சூடான் தேசத்து ஜெபல் மோயா என்ற இடத்தில், மருந்து வியாபாரத்தால் செல்வந்தரான ஹென்றி வெல்கம் என்பவர் முதல் யுத்தத்துக்கு முன்பு அகழ்ந்தெடுத்த பழைய எலும்புகள் கேம்பிரிட்ஜில் கிடந்தன. அவற்றை மகலனோபிஸின் முறையால் ஆராய்ந்து, அவ்வெலும்புகளுக்கு உரியவர்கள் எந்த மக்களுக்கு நெருங்கியவர்கள் என்று சொல்ல ஆள் வேண்டும் என்று அங்கிருந்து அழைப்பு வரவே, 1946-இல் ராவும், மானிடவியல் கற்ற ராமகிருஷ்ண முகர்ஜியும் புறப்பட்டுப் போனார்கள். பகலெல்லாம் அருங்காட்சியகத்தில் எலும்பு. அதற்கிடையே, அப்போது கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியராக இருந்த ஃபிஷரிடம் ஆராய்ச்சி மாணவராகப் பதிவு. மாணவனுக்கு விஷயம் எடுத்துக் கொடுப்பது ஃபிஷருக்கு வழக்கமில்லை. உன் பிரச்சினையை நீயே தேடிக்கொள் என்பது அவருடைய நிபந்தனை, அத்துடன் தம்முடைய கூடத்தில் எலிகளை வளர்த்து மரபணுக்களின் வரிசையைக் கண்டறியும் வேலையிலும் கைகொடுக்க வேண்டும். எலும்புகளே பிரச்சினையைத் தந்தன. ஓர் உயிரை அதன் பல அளவுகளைக் கொண்டு எந்த இனத்தில் சேர்ப்பது என்ற பொருளில் எழுதிய ஆய்வேட்டுக்கு 1948-இல் பட்டம் கிடைத்தது. ஆனண்டேல் கொடுத்த அளவுகளில் தொடங்கிய அதே கேள்விதான் அது, இப்போது முழுமையான கணித ரூபம் கொண்டு நின்றது.

கல்கத்தாவுக்கு வெளியே பராநகரில் தனக்கென்று இடம் பெற்றுப் பெருகிய நிறுவனத்துக்கு, 1950-களில் உலகத்து அறிஞர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். நார்பர்ட் வீனர் வந்து மாதக்கணக்கில் தங்கினார், ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தையே விட்டு வந்து சேர்ந்தார். அத்தகைய இடத்தில் ஆராய்ச்சி செய்த மாணவன் பட்டத்துக்கு மட்டும் கல்கத்தா சர்வகலாசாலையின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது விசித்திரமே. 1959-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த விசித்திரத்துக்கு முடிவு கட்டிற்று. மறு ஆண்டிலிருந்து நிறுவனம் தானே பட்டங்கள் வழங்கலாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் தென்னாட்டு இளைஞர் நால்வர் அங்கே ஒன்று கூடினார்கள்: வரதராஜன், பார்த்தசாரதி, ரங்கா ராவ், வரதன். இவர்களில் வரதராஜன் சென்னை மாநிலக் கல்லூரியிலும், பார்த்தசாரதி மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் படித்தவர்கள். எல்லோரிலும் இளையவரான வரதன் 1959-இல் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு, தொழிற்சாலைகளில் சரக்கின் தரத்தைப் புள்ளியியலால் கண்காணிக்கும் உத்தியோகத்துக்குப் பயன்படும் என்ற எண்ணத்தோடு வந்தவர். மூத்தவர்களின் சகவாசம் அவரை வேறு திசைக்குத் திருப்பிற்று. இவர்களுக்கு வழிகாட்டி என்று ஏட்டில் எழுதப்பட்ட பெயர் சி. ஆர். ராவ். ஆனால் அவர்கள் ஆராய்ந்த விஷயங்களோ, ராவ் அதுவரை தொட்ட எலும்பு, எலி, மாதிரி, மதிப்பீடு எதையும் சாராத தூய நிகழ்தகவுக் கோட்பாடு. அவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள்; ராவ் குறுக்கிடாமல் விட்டார். ஃபிஷரிடம் தாம் பெற்ற சுதந்திரத்தை அவர் அப்படியே கைமாற்றிக் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வரதனின் ஆய்வைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கே அஸ்திவாரம் இட்ட ரஷ்ய மேதை கோல்மகோரவ். 1962-இல் அவர் கல்கத்தா வந்திருந்தபோது வரதன் தம்முடைய ஆய்வைப் பற்றி உரையாற்றினார். ஒரு மணி நேரம் பேச வேண்டியவர் உற்சாகத்தில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டார். பிறகு கோல்மகோரவ் ஏதோ கூற எழுந்தபோது, பொறுமை இழந்த சபையோரில் சிலர் எழுந்து போகத் தொடங்கினார்கள். மேதை சாக்குக் கட்டியை வீசிவிட்டு வெளியேறினார். தம் பட்டம் அன்றோடு போயிற்று என்றே நினைத்ததாக வரதன் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் பின்தொடர்ந்து ஓடி மன்னிப்புக் கேட்க, தம் ஊரில் கருத்தரங்குகள் மூன்று மணி நேரம் நடப்பது சகஜம் என்றும், கோபம் இளைஞரிடம் அல்ல, கேட்காமல் எழுந்து போனவர்களிடமே என்றும் அவர் விளக்கினாராம். 1963-இல் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் வரதன் நியூயார்க்கிலுள்ள கூரண்ட் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்.

வெள்ளத்தையும் சணல் விளைச்சலையும் கணிக்கப் பிறந்த ஸ்தாபனம் பட்டம் கொடுக்கத் தொடங்கியதும் மண்ணை விட்டு வானத்தைப் பார்க்கலாயிற்று என்று குறை கூறுவோர் உண்டு. நால்வரில் வரதராஜனும் ரங்கா ராவும் வரதனும் அமெரிக்காவிலேயே நிலைத்துவிட்டதைக் காணும்போது, அந்தக் குறையை முற்றும் ஒதுக்க இயலாது. ஆனால் கணக்கை இன்னும் கொஞ்ச தூரம் எழுதிப் பார்க்க வேண்டும். பயிர்ப் பாத்திகளுக்காக வளர்ந்த போஸின் கணிதம், 1960-இல் அவரும் அவருடைய மாணவர் ராய்-சௌதுரியும் எழுதிய கட்டுரை வழியாக, தொலைத்தொடர்பில் நேரும் பிழைகளைத் தாமே திருத்திக்கொள்ளும் குறியீடுகளாயிற்று. வரதனுக்கு 2007-இல் ஏபெல் பரிசு பெற்றுத் தந்தது, மிக அரிதாக நிகழக்கூடியவற்றின் வாய்ப்பை மதிப்பிடும் ‘பெரு விலகல்’ கோட்பாடு. அந்தக் கோட்பாட்டின் மூலக் கேள்வியை 1930-களில் எழுப்பியவர், ராவின் எல்லையில் பெயர் பங்கிட்டுக்கொண்ட அதே ஹரால்ட் கிராமர். ஸ்வீடன் தேசத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு ஆலோசகராக இருந்த அவர் அறிய விரும்பியதெல்லாம், பாலிசிதாரர்களின் கோரிக்கைகள் ஒரே சமயத்தில் குவிந்து கம்பெனி முழுகிப்போவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதுதான்.