வரிசை: ஒரு தேசிய குணத்தின் சரித்திரம்

ஆங்கிலேயருக்கு வரிசையில் நிற்பது பிறவிக் குணம் என்பது, இங்கிலாந்து போய்வந்தவர்கள் நம்மிடம் தவறாமல் சொல்லும் செய்தி. பஸ் நிறுத்தத்தில் இரண்டே பேர் இருந்தாலும் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள், இடிக்கமாட்டார்கள், முண்டமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, நம்மூர் டிக்கெட் கவுண்டரை நினைத்து ஒரு பெருமூச்சும் விடுவார்கள். ஒரு பழக்கத்தை ரத்தத்தில் ஓடும் குணமாகச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்ற சௌகரியம் இதில் இருக்கிறது. எனக்கு இந்த அபிப்ராயத்தில் நம்பிக்கை இல்லை. வரிசைக்குச் சரித்திரம் உண்டு. அது எப்போது வந்தது, யார் அதில் நின்றார்கள், கடைசியில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், இன்றைய பிரிட்டனில் சாதாரண ஜனங்களின் அன்றாட எரிச்சல்கள் (டாக்டரைப் பார்ப்பது, பல் பிடுங்கிக்கொள்வது, குடியிருக்க வீடு கிடைப்பது, டெலிபோனில் ஒரு மனிதக் குரலை எட்டுவது) ஏன் காத்திருத்தலைச் சுற்றியே இருக்கின்றன என்பதும் விளங்கும்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ரேஷன் கடையிலும் சினிமாக் கொட்டகையிலும் நாம் வழங்கும் ‘க்யூ’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. பிரெஞ்சில் அதற்கு வால் என்று பொருள். ஆட்கள் நிற்கும் வரிசை என்ற அர்த்தத்தில் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் கார்லைல் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சி பற்றி அவர் எழுதி 1837ல் வெளியான நூலில், பாரிஸ் ரொட்டிக் கடை வாசல்களில் பசியோடு நின்ற ஜனங்களை வர்ணிக்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், யாரும் சொல்லாமல் தாமாகவே வரிசை கட்டி நிற்பதைப் பிரெஞ்சுக்காரர்களின் விசேஷத் திறமையாக அவர் கருதினார். நூறு வருஷத்துக்குப் பின் அதே திறமை கடலைத் தாண்டி ஆங்கிலேயரின் பிறவிக் குணமாகிவிட்டது.

இந்த மாற்றம் நடந்தது இரண்டாவது உலக யுத்தத்தின்போது. 1940 ஜனவரி 8ந் தேதி உப்பிட்ட பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் ரேஷன் வந்தது. பிறகு மற்ற இறைச்சி, தேயிலை, துணி என்று வளர்ந்தது. ரேஷனின் நோக்கங்களில் ஒன்று வரிசையை ஒழிப்பது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கடையில் பெயரைப் பதிவு செய்துகொண்டது; அதற்குரிய பங்கு அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தது. வரிசைகள் நீண்டது பெரும்பாலும் ரேஷனுக்கு வெளியே இருந்த பொருள்களுக்குத்தான்: மீன், ஈரல், கேக், தக்காளி. எதற்காக வரிசை என்று தெரியாமலே கடைசியில் போய் நின்றுகொண்டவர்கள் உண்டு. நின்றவர்கள் அநேகமாகப் பெண்கள். அதிலும் பகலில் வெளியே வர முடிந்த பெண்கள். தளவாடத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து ஒருத்தி வரும்போது கடை காலியாகியிருக்கும். சாதாரண ஜனங்களின் பேச்சையும் நாட்குறிப்புகளையும் சேகரிப்பதற்காக 1937ல் தொடங்கப்பட்ட மாஸ் அப்ஸர்வேஷன் என்ற அமைப்பின் குறிப்புகளில் வரிசைகளைப் பற்றிய முணுமுணுப்பு நிறைய இருக்கிறது. கடைக்காரன் தனக்கு வேண்டியவர்களுக்கு எதை ஒளித்துவைத்திருக்கிறான் என்ற சந்தேகம் ஓயாத சந்தேகம். பிறவிப் பொறுமை என்று எதையும் அங்கே காண முடியவில்லை.

ஆனாலும் நின்றார்கள். அதற்குக் காரணம் குணம் அல்ல, ஓர் உடன்பாடு என்று நான் நினைக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி காத்திருக்க வேண்டும், காத்திருந்தவனுக்குக் கடைசியில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்ற இரண்டு ஷரத்துகள் கொண்ட உடன்பாடு அது. அது பூரணமாக நிறைவேறியது என்று சொல்லமாட்டேன். ஹோட்டல் சாப்பாட்டுக்கு ரேஷன் கிடையாது. ஒரு சாப்பாட்டின் விலை ஐந்து ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது என்று 1942ல்தான் உத்தரவு வந்தது. பணக்காரர்களுக்குப் பின்கதவு எப்போதும் இருந்தது. ஆனால் முன்கதவும் திறந்தே இருந்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் பச்சை நிற ரேஷன் புத்தகம் கொடுத்தார்கள். பாலும் பழமும் முதலில் அவர்களுக்கு. யுத்தம் நடந்த அந்தப் பத்தாண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் ஜனங்களின் சராசரி ஆயுள் ஆண்களுக்கு ஆறரை வருஷமும் பெண்களுக்கு ஏழு வருஷமும் கூடியதை அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியிருக்கிறார். உணவு குறைந்த காலத்தில் ஆயுள் கூடியதற்குப் பங்கீட்டின் சீர் ஒரு முக்கிய காரணம். அதே யுத்தத்தில், அதே அரசாங்கத்தின் ஆட்சிக்கு உட்பட்ட வங்காளத்தில், 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சமபங்கு என்ற உடன்பாட்டின் எல்லை அந்தத் தீவின் கடற்கரையோடு முடிந்துவிட்டது.

வரிசைக்கு மகத்துவம் ஏற்றப்பட்டதும் இந்த வருஷங்களில்தான். ஜார்ஜ் ஆர்வெல் 1944ல் எழுதி 1947ல் வெளிவந்த ‘தி இங்கிலிஷ் பீப்பிள்’ நூலில், அந்நியன் ஒருவன் இங்கிலாந்தில் கவனிக்கக்கூடிய விஷயங்களில் ஒன்றாக, ஜனங்கள் மனமுவந்து வரிசையில் நிற்பதைச் சொல்கிறார். ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜ் மிகெஷ் 1946ல் இதையே கேலிப் பொருளாக்கினார். புகழ்ச்சியும் கேலியும் சேர்ந்து ஒரு தேசிய குணத்தை உண்டாக்கிவிட்டன. நின்றவர்களின் நிலைமை வேறு. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. யுத்த காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டிக்கு 1946 ஜூலையில் ரேஷன் வந்து இரண்டு வருஷம் நீடித்தது. 1945ல் குடும்பத் தலைவிகள் சிலர் சங்கம் அமைத்து வரிசைகளை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 1950 தேர்தல் சமயத்தில் சர்ச்சில், லேபர் கட்சி காட்டும் லட்சிய உலகத்தை ‘க்யூடோபியா’ என்று பரிகசித்தார். யுத்த காலத்தில் உணவு மந்திரியாக இருந்து ரேஷன் திட்டத்தின் முகமாக விளங்கிய உல்டன் பிரபுவே, கன்சர்வேடிவ் கட்சித் தலைவராக இருந்து, 1951ல் அந்தக் கட்சியை மறுபடி பதவிக்குக் கொண்டுவந்தார். இறைச்சியின் ரேஷன் 1954 ஜூலை 4ந் தேதி முடிந்தது. தெரு வரிசைகளும் ஓய்ந்தன.

ஆனால் அதற்குள் இன்னொரு விதமான வரிசை பிறந்துவிட்டது. 1948 ஜூலை 5ந் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் சுமார் ஐந்து லட்சம் பேர் இருந்தார்கள். முனிசிபல் வீடுகளுக்கும் பட்டியல் இருந்தது. இந்த வரிசையில் கால் வலிக்க நிற்க வேண்டாம்; வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் முன்னால் எத்தனை பேர், யார் நடுவில் புகுந்தார்கள் என்று பார்க்க முடியாது. கடை வாசலில் நின்றவள் பக்கத்தில் நின்றவளோடு சேர்ந்து கடைக்காரனைத் திட்டலாம். பட்டியலில் இருப்பவனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல என்பது போகப்போகத் தெரிந்தது.

பட்டியலில் இன்னொரு வசதியும் இருந்தது: வேண்டாதவர்களைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்தலாம். பர்மிங்ஹாம் நகரசபை, ஐந்து வருஷம் ஊரில் குடியிருந்தவர்களுக்குத்தான் முனிசிபல் வீட்டுக்குத் தகுதி என்று விதி வைத்திருந்தது. நிறத்தைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் புதிதாக வந்த தொழிலாளிகள், அறை அறையாக வாடகைக்கு விடப்பட்ட பழைய வீடுகளில் போய் அடைந்தார்கள். ஜான் ரெக்ஸும் ராபர்ட் மூரும் அந்நகரின் ஸ்பார்க்புரூக் பகுதியை ஆராய்ந்து 1967ல் வெளியிட்ட நூல் இதை விவரமாகச் சொல்கிறது. வந்தவர்கள் வரிசையிலேயே சேர்க்கப்படாதவர்கள். பிற்காலத்தில் அவர்கள்மீதுதான் வரிசையில் குறுக்கே புகுந்தவர்கள் என்ற பழி விழுந்தது.

1978ல் கன்சர்வேடிவ் கட்சிக்காக சாச்சி அண்ட் சாச்சி விளம்பர நிறுவனம் ஒரு போஸ்டர் தயாரித்தது. வேலையில்லாதோர் அலுவலக வாசலில் பாம்பாக வளைந்து செல்லும் ஒரு வரிசை. லேபர் ஆட்சியில் வேலை நடக்கவில்லை என்பது வாசகத்தின் சாரம். வாஸ்தவத்தில் படத்தில் இருந்தவர்கள் ஹெண்டன் பகுதியின் இளம் கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் சுமார் இருபது பேர். அவர்களையே திரும்பத் திரும்பப் படம் பிடித்து ஒட்டி நீளமாக்கினார்கள். மறுவருஷம் தாட்சர் பதவிக்கு வந்தார். 1982ல் வேலையில்லாதோர் முப்பது லட்சத்தைத் தாண்டினார்கள். 1980ல் வந்த சட்டம், முனிசிபல் வீடுகளில் குடியிருந்தவர்கள் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. இங்கிலாந்தில் நாளடைவில் சுமார் இருபது லட்சம் வீடுகள் விற்றுப்போயின. வாங்கியவர்களுக்கு அது நல்ல காலம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் போதுமான அளவு கட்டப்படவில்லை. வரிசை அப்படியே இருக்க, வரிசையின் முனையில் இருந்த பொருள் எடுத்துச் செல்லப்பட்டது. 2024ல் இங்கிலாந்தில் முனிசிபல் வீட்டுப் பட்டியலில் இருந்த குடும்பங்கள் சுமார் 13 லட்சம்.

உடன்பாட்டின் இரண்டாவது ஷரத்து இவ்வாறு போயிற்று என்றால், முதல் ஷரத்து இன்னும் நைச்சியமாகப் போயிற்று. மோட்டார் ஓட்டும் பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். வார நாளில் அதற்கு அரசாங்கக் கட்டணம் 62 பவுண்டு. கொரோனாவுக்குப் பிறகு பரீட்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவந்தபோது, சிலர் கம்ப்யூட்டர் நிரல்களை ஏவி காலியான நேரங்களையெல்லாம் பிடித்து, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். வரிசையில் ஓர் இடம் என்பதே சந்தைச் சரக்காகிவிட்டது. டெலிபோன் இன்னொரு உதாரணம். நான் லண்டனில் இருந்தபோது ஒரு மின்சார பில் தகராறுக்காக முக்கால் மணி நேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் பதினான்காவது ஆள் நான் என்றது பதிவு செய்யப்பட்ட ஒரு குரல். என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. மற்ற பதின்மூன்று பேரும் எங்கே இருந்தார்கள்? அவர்களைப் பார்த்து ஒரு முறை தலையை அசைக்கக்கூட வழியில்லை. எரிச்சல் முழுவதும் கடைசியில் எதிர்முனையில் பேசிய சம்பளக்காரப் பெண்மீதுதான் இறங்கியிருக்கும். அவளும் எங்கோ ஒரு மூலையில் நிமிஷக் கணக்குக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவள்.

ஆஸ்பத்திரிப் பட்டியல்தான் எல்லாவற்றிலும் பெரியது. இங்கிலாந்தில் 2020 பிப்ரவரியில் சுமார் 46 லட்சம் சிகிச்சைகள் அதில் நிலுவையில் இருந்தன. 2023 செப்டம்பரில் அது சுமார் 77 லட்சம். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்காவது பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற நியமம் கடைசியாக நிறைவேறியது 2016ல். இடுப்பு மூட்டு வலிக்கிறவன் கையில் பணம் இருந்தால் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறான். யுத்த காலத்தின் பின்கதவு இப்போது பெயர்ப்பலகை மாட்டிய வாசல்.

இந்த நிலைமையில், காத்திருக்கிறவனின் கோபம் எங்கே போகும்? 2016ல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்புக்கு முன், விலக வேண்டும் என்றவர்களில் ஒரு கட்சி ஒரு போஸ்டர் வெளியிட்டது. அதிலும் பாம்பாக வளையும் ஒரு வரிசைதான். படத்தில் இருந்தவர்கள் 2015ல் குரோயேஷியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குள் நடந்துகொண்டிருந்த அகதிகள். பிரிட்டனின் எந்த வாசலிலும் நின்றவர்கள் அல்ல. 1978ன் வரிசையைப் பார்த்த ஆங்கிலேயன் அதில் தன்னைக் கண்டு பயந்தான். 2016ன் வரிசையில் தன் முறையைப் பறிக்க வருகிறவனைக் கண்டு பயந்தான். 2018ல் பிரதமர் தெரசா மே, ஐரோப்பியர்கள் இனி வரிசையில் முந்த முடியாது என்ற பொருளில் பேசிவிட்டு, பிறகு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். வீட்டை விற்றவர்களையும் மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைத்தவர்களையும் வரிசையில் காண முடியாது. கண்ணுக்குத் தெரிபவன் கடைசியாக வந்து நிற்பவன் மட்டும்தான்.

2022 செப்டம்பரில் எலிஸபெத் ராணியின் சவப்பெட்டியைப் பார்க்க சுமார் இரண்டரை லட்சம் பேர் தேம்ஸ் கரையோரம் மைல் கணக்கில் நின்றபோது, தேசிய குணம் திரும்பிவிட்டதாகப் பத்திரிகைகள் பூரித்தன. 1965ல் இதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில், க்யூடோபியாவைப் பரிகசித்த சர்ச்சிலின் உடலைப் பார்க்க மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் ஜனவரிக் குளிரில் நின்றிருக்கிறார்கள். 2022ல் ஒவ்வொருவர் கையிலும் எண் போட்ட வண்ணப் பட்டை கட்டினார்கள். வால் எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஆகும் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அரசாங்கம் அறிவித்தது. கால்பந்து வீரர் பெக்ஹாம் பன்னிரண்டு மணி நேரம் நின்றார். தொலைக்காட்சிக்காரர்கள் இருவர் நிற்காமல் உள்ளே போனார்கள் என்று ஜனங்கள் கொதித்தார்கள். அவர்கள் பத்திரிகையாளர் என்ற முறையில் போனதாகச் சமாதானம் சொல்லப்பட்டது. பார்லிமெண்ட் உறுப்பினர்களோ விருந்தினரையும் அழைத்துக்கொண்டு நிற்காமலே போய்வந்தார்கள். இதை நான் பரிகசிக்கவில்லை. உடன்பாட்டின் இரண்டு ஷரத்துகளும் ஓரளவு காப்பாற்றப்பட்டால் ஜனங்கள் நிற்கத் தயார் என்பதற்கு அது சாட்சி.

2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில், அரசாங்கத் திட்டத்தின் கீழ் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதாக ஒரு பல் வைத்தியசாலை மறுபடி திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் தெருவில் வந்து நின்றார்கள். ஒழுங்குபடுத்தப் போலீஸ் வர வேண்டியிருந்தது. கார்லைல் வர்ணித்த பாரிஸ் வரிசைக்குத்தான் இது அதிகம் நெருங்கியது. இந்த வரிசையை யாரும் தேசிய குணம் என்று எழுதவில்லை.