தனெகஷிமாத் தீவின் திருகாணி

பிறர் செய்த பொருளொன்றை வாங்கி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து, அதுபோல் மற்றொன்றைச் செய்ய முயல்வது மனித சமூகத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. அதனைக் களவென்பாரும் உண்டு, கல்வியென்பாரும் உண்டு. அவ்வழக்கத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேர அறிவதற்கு, 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானியர் துப்பாக்கி செய்யக் கற்ற சரித்திரம் சிறந்த ஆதாரமாகும்.

1543ஆம் ஆண்டில், கியூஷூவுக்குத் தெற்கேயுள்ள தனெகஷிமாத் தீவில் ஒதுங்கிய சீன மரக்கலமொன்றில் வந்த போர்த்துக்கீசியரிடம், தீவின் இளந்தலைவரான தொகிதாக்கா பெரும்பொருள் கொடுத்து இரண்டு துப்பாக்கிகளை வாங்கினார் என்று, 1606இல் நன்போ புன்ஷி என்னும் பௌத்தத் துறவி இயற்றிய ‘தெப்போ-கி’ என்ற கிரந்தம் கூறுகிறது. பிரபுக்கள் ஒருவரோடொருவர் ஓயாது யுத்தம் செய்துவந்த அக்காலத்தில், எப்போது வருமென்று அறியவொண்ணாத அந்நியக் கப்பலை நம்பி ஆயுதம் சேர்ப்பது ஆகாத காரியமாதலால், வெடிமருந்து கலக்கும் முறையைக் கற்குமாறு பணியாளர் ஒருவரையும், துப்பாக்கியைப் பார்த்து அவ்வாறே செய்யுமாறு இரும்புக் கொல்லரையும் அவர் ஏவினார்.

இரும்பைக் காய்ச்சியடிப்பதில் தேர்ந்த அக்கொல்லருக்கு, பட்டையைச் சுருட்டி ஒட்டிக் குழலாக்குவதும், விசையை இழுத்தவுடன் எரிதிரி மருந்துக் கிண்ணியில் விழும்படி பொறி அமைப்பதும் எட்டாதவையல்ல; அவர்கள் திகைத்தது குழலின் அடிவாயை மூடுவதிலேதான். காய்ச்சி ஒட்டி மூடிவிட்டால் உள்ளே படியும் மருந்துக் கரியைத் துடைத்தெடுக்க வழியில்லை. வெறும் ஆப்பு அறைந்து மூடினாலோ வெடிப்பின் வேகத்தில் அது பின்னே தெறித்துச் சுடுபவன் முகத்தையே தாக்கும். ஆகவே போர்த்துக்கீசியத் துப்பாக்கியில் அவ்விடத்தை மரையுள்ள திருகாணியொன்று அடைத்திருந்தது. ஆணியின் புறத்தேயுள்ள மரையைக் கண்டு அரத்தால் ராவிவிடலாம். குழலின் உட்சுவரில் அதற்கிசைந்த மரையை எக்கருவியால் எவ்வாறு இட்டார்கள் என்பதை, கழற்றி வைத்த குழல் எத்தனை நாள் நோக்கினும் சொல்லவில்லை. முற்றுப்பெற்ற பொருளில் வடிவம் நிற்கிறது. அதை ஆக்கிய கைம்முறை நிற்பதில்லை.

மறு ஆண்டு வந்த கப்பலில் அந்நியக் கொல்லர் ஒருவர் இருந்ததாகவும், அவரிடம் தீவின் கொல்லர் கின்பெ கற்ற பின்னரே அடிவாய் அடைபட்டதாகவும் ‘தெப்போ-கி’ உரைக்கிறது. அவ்வித்தைக்கு விலையாகக் கின்பெ தம் மகளையே மணம் செய்து கொடுத்தார் என்ற கதை அக்கிரந்தத்தில் இல்லை. அது சரித்திரமன்று எனத் தள்ளினும், உட்புற மரை எவ்வளவு அரிய ரகசியமாகக் கருதப்பட்டது என்பதற்கு அக்கதையே சாட்சியாகிறது. பழங்குழல்களை ஆராய்ந்தோர் சிலர், முதலில் ஆணியைச் செய்து, பழுக்கக் காய்ச்சிய குழலுக்குள் அதைச் செலுத்தி, வெளியே சுத்தியலால் அடித்து உள்மரையைப் பதித்தனர் என்று கருதுகின்றனர்.

அதன்பின் இத்தொழில் விரைந்து பரவிற்று. சகாய் நகரத்து வணிகரொருவர் தீவிலேயே தங்கிக் கற்றுச் சென்றார். நெகோரோ மடாலயமும் குனிதொமோ கிராமமும் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்பெற்றன. 1575இல் நடந்த நாகஷினோ யுத்தத்தில் நொபுனாகா என்னும் பிரபுவின் துப்பாக்கி வீரர் முக்கிய இடம் பெற்றனர். அவர் கொண்டுவந்த துப்பாக்கிகள் மூவாயிரம் என்னும் மரபுத்தொகையை ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறினும், ஒரு தலைமுறைக்குள் இறக்குமதிப் பொருள் சுதேசப் பொருளாகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

இப்பரம்பரையின் கனிந்த நிலையைத் துப்பாக்கிக் கொல்லரான குனிதொமோ இக்கான்சாயிடம் (1778–1840) காண்கிறோம். ஒல்லாந்தரின் காற்றுத் துப்பாக்கியொன்று பழுதுபார்ப்பதற்காகத் தம் கைக்கு வந்தபோது அதன் அமைப்பை அறிந்துகொண்ட இவர், 1819இல் தாமே அத்தகையதொன்றைச் செய்து முடித்தார். பின்னர், மேனாட்டுப் பிரதிபலிப்புத் தொலைநோக்கி ஒன்றைக் கண்ட அனுபவத்தைக்கொண்டு உலோகக் கண்ணாடிகளைத் தாமே வார்த்து மெருகிட்டுத் தொலைநோக்கி அமைத்து, 1835இல் சூரியனிலுள்ள கரும்புள்ளிகளைத் தொடர்ந்து வரைந்து வந்தார். தனெகஷிமாவில் மற்றவரைப்போல் ஆயுதம் பெறுதலே நோக்கமாயிருக்க, இங்கோ பிறர் பொருளைப் பிரித்தறிந்த கை, வெறுங்கண்ணுக்கு எட்டாததைக் காணும் கருவியைத் தானே ஆக்கிக்கொண்டது. பிரித்துப் பார்ப்பது கல்வியா களவா என்னும் வினாவுக்கு, பிரித்தவர் அதன்பின் என்ன செய்தார் என்பதைக்கொண்டே விடை கூறவேண்டும்.