35 டாலர் அபராதம் 238 டாலர் ஆனது எப்படி? அமெரிக்க கவுண்டிகளில் கோர்ட் பணம் போகும் பாதை

கலிஃபோர்னியாவில் ஒருவர் கார் ஓட்டிப் போகிறார். 'ஸ்டாப்' பலகை இருக்கும் முனையில் வண்டியை முழுசாக நிறுத்தாமல், மெதுவாக உருட்டிக்கொண்டே திரும்பிவிடுகிறார். போலீஸ் பார்த்துவிட்டால் இதற்கு அடிப்படை அபராதம் 35 டாலர். ஆனால் 2016 கணக்குப்படி அவர் கடைசியில் கட்ட வேண்டியிருந்த தொகை 238 டாலர்.

எங்கேயோ கணக்கு தப்பியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. 2016-ல் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையிலேயே இந்த 238 டாலர் பிரித்துப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது.

35 டாலருக்கு மேல் வருவது என்ன?

அடிப்படை அபராதத்தின் ஒவ்வொரு 10 டாலருக்கும் இவ்வளவு என்று கூடுதல் தொகை விதிக்கப்படுகிறது. 10-ல் ஒரு பகுதி இருந்தாலும் அது முழு 10-ஆகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஆக 35 டாலர் இங்கே 40 ஆகிவிடுகிறது.

மாநிலத்தின் பங்கு 10 டாலருக்கு 10, அதாவது 40 டாலர். கவுண்டியின் பங்கு 10-க்கு 7, அது 28 டாலர். நீதிமன்றக் கட்டடங்களுக்கு 20. குற்றவாளிகளின் டி.என்.ஏ. தகவல் தொகுப்புக்கு இரண்டு தனிச் சட்டங்களின் கீழ் 4 டாலரும் 16 டாலரும். அவசர மருத்துவச் சேவைக்கு 8.

இதோடு நிற்கவில்லை. அடிப்படை அபராதத்தில் 20 சதவீதம் மாநில சர்சார்ஜ், அது 7 டாலர். நீதிமன்றச் செயல்பாட்டுக்கு 40, குற்றம் உறுதியானதற்கு 35, ஏர் ஆம்புலன்ஸ் சேவைக்கு 4, மாலை நேர நீதிமன்றத்துக்கு 1. 2016 கணக்கில் மொத்தம் 238. தண்டனை என்ற பெயரில் வருவது இதில் 35 டாலர் மட்டும்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 40, 35 என்று வரும் நிலையான கட்டணங்கள் தவறு சின்னதா பெரிதா என்று பார்ப்பதில்லை. அதனால் சின்னத் தவறு செய்தவருக்குத்தான் விகிதக் கணக்கில் சுமை அதிகம்.

கவுண்டி என்றால் என்ன?

நம் ஊர் மாவட்டத்துக்கு இணையாக இதைச் சொல்லலாம். ஆனால் கலெக்டர் போல மேலிருந்து நியமிக்கப்பட்டவர் நடத்துவது அல்ல. பெரும்பாலான கவுண்டிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கும். ஷெரிஃபையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். கவுண்டிக்குத் தனிக் கஜானா உண்டு. அமெரிக்காவில் இப்படி 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகளும் அவற்றுக்கு இணையான அமைப்புகளும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் 58.

சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, அரசு வழக்கறிஞர் அலுவலகம் எனக் குற்றவியல் நீதியின் செலவில் பெரும்பகுதி கவுண்டியின் தலையில்தான் விழுகிறது. முன்பெல்லாம் கலிஃபோர்னியாவில் விசாரணை நீதிமன்றங்களை நடத்துவதிலும் கவுண்டிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. 1997-ல் வந்த சட்டம் அந்தப் பொறுப்பை மாநிலத்துக்கு மாற்றியது. செலவு மாறியபோது வருமானத்தையும் பங்குபோட வேண்டி வந்தது. ஒரே அபராதத்தில் இத்தனை கைகள் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு முறை ஏதாவது ஒரு திட்டத்துக்குப் பணம் தேவைப்படும்போதும், வரியை உயர்த்தாமல் அபராதத்தின் மேல் இன்னொரு வரியை ஏற்றிவைப்பது சட்டமன்றத்துக்கு வசதியாகப் போய்விட்டது.

சரி, வசூலிப்பது யார்?

இடத்துக்கு இடம் மாறும். சில கவுண்டிகளில் நீதிமன்றமே வாங்கும், சில இடங்களில் கவுண்டியின் வசூல் பிரிவு வாங்கும். நீண்ட நாள் பாக்கி என்றால் தனியார் வசூல் நிறுவனத்துக்கோ, மாநில வருமான வரித் துறைக்கோ போய்விடும். வரித் துறையிடம் போனால் சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கை வைக்க முடியும்.

வந்த பணத்தைப் பிரிப்பது கவுண்டி கணக்கு அதிகாரியின் வேலை. கேட்க எளிதாக இருக்கும், செய்வது அப்படி இல்லை. உதாரணமாக, மேலே சொன்ன மாநிலப் பங்கு 40 டாலரில் 70 சதவீதம், அதாவது 28 டாலர் மாநிலத்துக்குப் போகும். மீதி 12 டாலர் கவுண்டியிலேயே தங்கும். பிடித்தது நகர போலீஸ் என்றால் அடிப்படை அபராதத்தில் நகரத்துக்கு ஒரு பங்கு உண்டு. எந்த நகரத்துக்கு எத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே நீளமான பட்டியல் இருக்கிறது. மாநிலத்துக்குப் போக வேண்டியதை கவுண்டி மாதாமாதம் அனுப்ப வேண்டும். சரியாக அனுப்பினார்களா என்று மாநிலக் கணக்குத் துறை தணிக்கை செய்கிறது.

ஒருவர் முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் கட்ட முடியாமல் தவணையில் கட்டினால்? குற்ற வழக்குகளில் அதற்கும் கலிஃபோர்னியா சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு. அடுத்து அந்த 20 சதவீத மாநில சர்சார்ஜ். மூன்றாவதாக அபராதமும் கூடுதல் தொகைகளும். வழக்கு, கண்காணிப்புச் செலவுக்கான கட்டணங்கள் கடைசி. பாதிக்கப்பட்டவருக்கு முதலிடம் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கும் கணக்கு அடைபடவே பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர் கடன்காரர்.

லைப்ரரிக்குப் போகும் அபராதம்

எல்லா மாநிலத்திலும் இதே கதை இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் அரசியலமைப்புச் சட்டப்படி, மாநிலத் தண்டனைச் சட்டங்களை மீறியதற்காக கவுண்டிகளில் வசூலாகும் அபராதம் பொது நூலகங்களுக்கும் கவுண்டி சட்ட நூலகங்களுக்கும் மட்டுமே போக வேண்டும். ஒருவர் வேகமாக வண்டி ஓட்டினால் யாரோ ஒரு குழந்தைக்குக் கதைப் புத்தகம் கிடைக்கும்.

வட கரோலினாவில் அபராதப் பணம், வசூல் செலவு போக, அந்தந்த கவுண்டியின் அரசுப் பள்ளிகளுக்குப் போகிறது. இதுவும் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. நெப்ராஸ்காவிலும் விஸ்கான்சினிலும் இப்படிப் பள்ளிகளோடு கட்டிப்போட்ட விதிகள் உண்டு.

இது வெறும் தர்ம சிந்தனையில் வந்த ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். அபராதம் போடும் கையும் அதை வாங்கிக்கொள்ளும் கையும் வேறு வேறாக இருப்பதால் கிடைக்கும் பலன் பெரிது. எத்தனை டிக்கெட் எழுதினாலும் போலீஸுக்கோ நீதிபதிக்கோ அதில் நேரடி லாபம் இல்லை.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. மிச்சிகனில் மாநிலச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால்தான் பணம் நூலகத்துக்கு. அதே தவறுக்கு நகராட்சி தன் சொந்த விதியை எழுதி, அதன் கீழ் வழக்குப் போட்டால் பணம் உள்ளூர் நிர்வாகத்துக்கே திரும்பி வரும். இன்னொரு வழி, தொகையை 'அபராதம்' என்று சொல்லாமல் 'கோர்ட் செலவு' என்று சொல்வது. நீதிமன்றத்தை நடத்தும் பொதுச் செலவை இப்படிக் குற்றவாளிகள் மேல் சுமத்தச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 2014-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு அதிகாரம் கொடுத்துச் சட்டத்தைத் திருத்திவிட்டது!

தீர்ப்பு சொல்பவருக்கே பணம் போனால்?

இந்தக் கேள்வி நூறு ஆண்டுப் பழசு. மதுவிலக்குக் காலத்தில் ஒஹாயோ மாநில கிராமம் ஒன்றில் மேயரே நீதிபதி. மது வைத்திருந்தவருக்கு 100 டாலர் அபராதம் போட்டார். குற்றம் உறுதியானால் மேயருக்குத் தனியாக 12 டாலர் கிடைக்கும், விடுதலை செய்தால் ஒன்றும் கிடையாது. இது நேர்மையான விசாரணை ஆகாது என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972-ல் இன்னொரு ஒஹாயோ வழக்கில், பணம் மேயரின் பைக்குப் போகாமல் ஊர் நிதிக்குப் போனாலும் அதே ஆபத்துதான் என்றது.

இத்தனைக்குப் பிறகும் நியூ ஆர்லியன்ஸில் என்ன நடந்தது? லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் 'பாரிஷ்' என்பார்கள். அங்கே குற்றவியல் நீதிமன்ற நீதிபதிகள் விதித்த அபராதம், கட்டணம், ஜாமீன் தொகையில் ஒரு பங்கு எல்லாம் அந்த நீதிபதிகளே நிர்வகிக்கும் செலவு நிதிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊழியர் சம்பளம் வரை அதிலிருந்துதான். இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்ப்பளித்தது.

கவுண்டி இல்லை, நகரம் என்றாலும் ஃபெர்குசனைச் சொல்லாமல் விட முடியாது. மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் கவுண்டிக்குள் இருக்கும் சின்ன ஊர். 2015 நிதியாண்டில் அதன் பொது நிதிக்கு எதிர்பார்த்த 1.326 கோடி டாலரில் 30.9 லட்சம் டாலர் அபராதம், கட்டணங்களில் இருந்து வரும் என்று பட்ஜெட் போட்டிருந்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. போலீஸும் நீதிமன்றமும் பாதுகாப்பைவிட வருமானத்தைக் குறிவைத்து நடந்ததாகவும், அதன் சுமை கறுப்பின மக்கள் மேல் விழுந்ததாகவும் 2015 மார்ச்சில் அமெரிக்க நீதித் துறை அறிக்கை வெளியிட்டது.

கட்ட முடியாதவர்களை ஜெயிலில் போடலாமா?

சட்டப்படி, வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் போடலாம். 1983-ல் வந்த 'பியர்டன் எதிர் ஜார்ஜியா' தீர்ப்பு இதற்கு அடிப்படை. அபராதமும் இழப்பீடுமாக 750 டாலர் கட்ட வேண்டியவர் கடன் வாங்கி 200 கட்டினார். பிறகு வேலை போனது. மீதியைக் கட்டவில்லை என்று சிறைக்கு அனுப்பினார்கள். ஏன் கட்டவில்லை என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பியது தவறு என்றது உச்ச நீதிமன்றம்.

நடைமுறை வேறு. தவணை தவறினால் நோட்டீஸ், ஆஜராகாவிட்டால் பிடிவாரண்ட், பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் முடக்கம். உரிமம் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, வேலை இல்லாமல் கடனைக் கட்ட முடியாது. கட்டாததற்காக உரிமத்தை முடக்குவதை கலிஃபோர்னியா 2017-ல் நிறுத்தியது.

கவுண்டிக்காவது லாபமா என்றால், அதுவும் சந்தேகம்தான். டெக்சாஸ், ஃபுளோரிடா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் பத்து கவுண்டிகளை ஆராய்ந்து பிரென்னன் மையம் 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டெக்சாஸ், நியூ மெக்சிகோ கவுண்டிகளில் வசூலாகும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 41 சென்ட் நீதிமன்ற விசாரணைக்கும் சிறைக்குமே செலவாகிறது என்றது அது. நியூ மெக்சிகோவின் ஒரு கவுண்டி 1 டாலர் வசூலிக்க 1.17 டாலர் செலவு செய்திருந்தது.

கட்டணத்தைக் கைவிட்ட கவுண்டிகள்

2018-ல் சான் பிரான்சிஸ்கோ தன் அதிகாரத்துக்கு உட்பட்ட குற்றவியல் கட்டணங்களை நீக்கியது. சிறைத் தண்டனைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவரிடம் மாதம் 50 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் உண்மையில் வசூலானது 9 சதவீதம்தான். சுமார் 21,000 பேரின் 3.2 கோடி டாலர் பாக்கி தள்ளுபடி ஆனது.

மாநிலமும் அதே வழியில் வந்தது. 2021 ஜூலையில் 23 வகை நிர்வாகக் கட்டணங்கள், 2022 ஜனவரியில் மேலும் 17 வகை நீக்கப்பட்டன. முதல் கட்ட நீக்கத்தால் கவுண்டிகளுக்கு ஏற்படும் இழப்புக்கு மாநிலம் ஆண்டுக்கு 6.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பாக்கி காகிதத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கையில் வந்தது கொஞ்சம்தான் என்பதால் ஈடுகட்டுவது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. 2022-லேயே, காலக்கெடு தவறினால் விதிக்கும் 300 டாலர் வரையான தாமதத் தொகையும் 100 டாலராகக் குறைந்தது. அந்தப் பணம் இனி நீதிமன்றங்களுக்குப் போகாது, மாநிலப் பொது நிதிக்குப் போகும்.

ஃபுளோரிடாவில் இதே பாக்கி ஓட்டுரிமையையே தடுத்து நிற்கிறது. கடுமையான குற்றத்துக்குத் தண்டனை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை திரும்பக் கிடைக்க 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். தண்டனை முடிந்தது என்றால் அபராதம், கட்டணம், இழப்பீடு எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும் என்று 2019-ல் மாநிலச் சட்டமன்றம் சேர்த்தது. இது பணம் கட்டினால்தான் ஓட்டு என்ற முறை என்று விசாரணை நீதிபதி கண்டித்தார். 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது.

அங்கே 67 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் நீதிமன்ற கிளார்க் அலுவலகம் தனித்தனியாக இந்தக் கணக்குகளை வைத்திருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் பார்க்கும்படியான பட்டியல் இல்லை என்பது அந்த வழக்கு விசாரணையில் வெளிவந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு மூன்று கவுண்டிகளில் வழக்கு நடந்த ஒருவர், தான் ஓட்டுப் போடலாமா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு கிளார்க் அலுவலகத்திலும் தன் பாக்கி எவ்வளவு என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.